நம்பர் போடாத வெப்சைட்

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ருக்கியா தாத்தாவின் கொமினிகேஷன் இருக்கிறது. போட்டோக்கொப்பி, டைப்பிங், லெமினேட்டிங், பாஸ்போர்ட்டுக்கு ஒன்லைனில் நாள் எடுத்துக் கொடுப்பது என்று எல்லா வேலையும் அங்கே நடக்கும். முன்பக்கக் கண்ணாடி மேசையில் அவருடைய அண்ணன் பௌஸி நானா போனுக்கு ரீலோட் போடுவார், கவர் விற்பார், வருகிறவர்களோடு கிரிக்கெட் கதைப்பார். கொழும்பு முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும் கூப்பிடுவது வழக்கம். கொட்டாஞ்சேனைக்காரியான நானும் வந்த மறுநாளே அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டம் எடுத்த பிறகு ஒவ்வொரு நேர்முகப் பரீட்சையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். சுயவிபரக் கோவையைக் கொப்பி எடுக்கப் போன இடத்தில், தமிழில் வேகமாக டைப் பண்ண ஓராள் தேவை என்று ருக்கியா தாத்தா சொன்னார். வேலை கிடைக்கும் வரைக்கும்தானே என்று சேர்ந்தேன். அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கியவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, “ஐ.டி. சம்பந்தமான ஒரு இடம்” என்று சொல்லிவைத்தேன். பிறகு அது உண்மையாகிவிட்டது.

ருக்கியா தாத்தாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, எப்போதும் மூக்கு நுனிக்கு இறங்கிவிடும் கண்ணாடி. சிங்கள மொழிமூலத்தில் படித்தவர். தமிழ் வாசிப்பார், எழுத்தெழுத்தாக, மெதுவாக. அவரிடம் நான் முதலில் கவனித்தது, கொப்பி எடுத்த தாள்களை அவர் எடுத்து வைக்கும் விதம். எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் வைப்பார். பக்கத்தில் நிற்பவர் ஒருவருடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையை எட்டிப் பார்த்தால், தாளைத் தூக்கி மெஷின் மூடிக்கு அடியில் செருகிவிடுவார். 

அந்த அறிக்கைகளில் பல, நுகேகொடைக்கு அப்பால் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருந்து வருபவை. மன்னார், மூதூர், கல்முனை, முல்லைத்தீவு என்று தூரத்து ஊர்களில் இருந்து வருகிறவர்கள் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் சொந்தக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய் வருவார்கள். அவர்களில் அநேகமானோருக்குச் சிங்களம் தெரியாது. டொக்டர் சொல்வதற்கெல்லாம், சிங்களத்தில் சரி என்பதற்கான “ஹரி, ஹரி” மட்டும் சொல்லித் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, என்ன சொன்னார் என்று கடையில் வந்து கேட்பார்கள். டொக்டர் என்ன சொன்னார் என்று கொமினிகேஷனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் ருக்கியா தாத்தா கடையை நானாவிடம் விட்டுவிட்டு ஒரு அம்மாவோடு பஸ்ஸேறிப் போனார். பிறகு இன்னொருவரோடு. அவருடைய பள்ளிக்கூடத் தோழி நஸீறா சேர்ந்தார். அவர் பாமன்கடையில் இருக்கிறார், முன்பள்ளி ஒன்றில் காலையில் மட்டும் படிப்பிக்கிறார். அப்படியே இன்னும் சில பெண்கள் சேர்ந்தார்கள், தமிழ்ப் பெண்களும்தான். யாரும் இதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. துணைக்குப் போவது என்றுதான் சொன்னார்கள்.

நான் வந்து சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன், சமூக வலைத்தளம் ஒன்றில் இதற்கென ஒரு பக்கம் திறந்திருந்தார்கள். உதவி தேவைப்படும் ஒருவர் அதில் எழுத, கீழே யாரோ ஒரு சொந்தக்காரர் வந்து, “இது இன்னாருடைய மனைவி அல்லவா? என்ன வருத்தம்? துஆ செய்கிறோம்” என்று எழுதிவிட்டார். நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் அந்த வீட்டில் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு இந்த வருத்தம் என்று தெரிந்தால் மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்ற பயம் எங்கள் ஊர்களில் எல்லாச் சமயத்தாரிடமும் இருக்கிறது. அந்த அம்மா அதற்குப் பிறகு தாத்தாவின் போனை எடுக்கவே இல்லை. அவர் சிகிச்சைக்கு வந்தாரா இல்லையா என்பதும் தெரியாது. தாத்தா அந்தப் பக்கத்தை அன்றே மூடிவிட்டார்.

“ஆக்கள்ட நோய அடுத்தவன்ட ஊட்டுல கொண்டு வெச்சது எங்கட பிழ,” என்றார் என்னிடம். “எங்களுக்கெண்டு ஒரு எடம் வேணும். நாங்க பூட்டுற, நாங்க தெறக்குற எடம்.”

அப்படித்தான் சேர்வர் கதை தொடங்கியது.

எனக்கு இதில் தெரிந்தது கொஞ்சம். பல்கலைக்கழகத்தில் ஒரு துணைப்பாடமாக வெப்சைட் செய்யப் படித்திருந்தேன். பரீட்சைக்குப் படித்தது. சொந்தமாக ஒரு சேர்வரை எடுத்து ஓட்டியதில்லை. தாத்தாவுக்கோ கணினியில் டைப்பிங்கும் பிரிண்டரைத் திட்டுவதும் மட்டுமே தெரியும். அவர் வீடியோக்கள் பார்த்தார். மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு கடை கொஞ்சம் ஓயும் நேரம் அது. ஒரு காதில் ஹெட்போன், மறு காது வாடிக்கையாளருக்கு. புரியாத இடத்தில் நிறுத்தி என்னைக் கேட்பார். எனக்கும் புரியாவிட்டால் இரண்டு பேரும் திரும்ப முதலில் இருந்து பார்ப்போம். ‘தெரியாது’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்த காலம் அது. நேர்முகப் பரீட்சைகள் பழக்கிய கூச்சம். தாத்தா தெரியாது என்பதைத் தண்ணீர் கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். அவரோடு இருந்துதான் எனக்கும் அது பழகியது.

கிளவுட் என்றால் வானத்தில் ஏதோ என்றுதான் பௌஸி நானா நினைத்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் ஒரு பெரிய கட்டடத்தில் ஓயாமல் ஓடும் கணினிகளில் ஒரு மூலையை நாங்கள் மாத வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான் என்று நான் விளங்கப்படுத்தினேன்.

“அப்ப இங்க ஈக்கிற கொம்பியூட்டர் போதாதா? இத நான் வித்துடவா?” என்றார் நானா.

“வித்துட்டு உங்கட போன் கவர எங்கயன் வெக்கிற?” என்றார் தாத்தா. கணினிப் பெட்டிக்கு மேல்தான் நானாவின் கவர்கள் குவிந்திருக்கும்.

வாடகைக்கு எடுத்த அந்தக் கணினிக்கு முகம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுதி அனுப்பவேண்டும், அது எழுத்தில் பதில் சொல்லும். முதல் நாள் தாத்தா உள்ளே நுழைந்ததும் சலாம் சொன்னார். விளையாட்டுக்குத்தான். ஆனால் திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் வாசித்தார். நானாக இருந்தால் ஓடவிட்டிருப்பேன். பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் நிரலை ஏற்றினோம், பெயரைப் பதிந்தோம், முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் வருவதற்கான சான்றிதழை எடுத்தோம்.

பாதுகாப்புக்கு ஃபயர்வோல் போடச் சொல்லி வீடியோவில் சொன்னார்கள். சேர்வருக்குள் வரும் வாசல்களில் தேவையானவற்றை மட்டும் திறந்து மற்றதை மூடுவது. தாத்தா மிகுந்த உற்சாகத்தோடு எல்லாவற்றையும் மூடினார். நாங்கள் நுழையும் வாசலையும் சேர்த்து மூடிவிட்டார். அடுத்த நிமிஷம் கறுப்புத் திரை உறைந்துவிட்டது. எத்தனை தரம் தட்டினாலும் உள்ளே விடவில்லை.

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு தெறப்ப உள்ளுக்கு வெச்சிட்டன், என?” என்றார், சாவியைச் சொல்கிறார்.

பிறகு அந்தச் சேர்வரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்து முதலில் இருந்து எல்லாவற்றையும் செய்தோம். அதில் அவருக்கு வருத்தமே இருக்கவில்லை. இரண்டாம் தரம் செய்யும்போது வீடியோ பார்க்காமல் செய்தார். இந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு வேலையில் பிழை விட்டால், நான் இதற்குத் தகுதியானவள்தானா என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அவருக்கு அடுத்து எதைச் செய்வது என்று தோன்றும்.

தமிழில் எழுதுவது என் பொறுப்பு. ‘புற்றுநோயாளர்களுக்கான மொழிபெயர்ப்பு உதவிச் சேவை’ என்று தலைப்புப் போட்டேன். தாத்தா எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கவே நேரமெடுத்தது. அழகாக இருக்கிறது, ஆனால் முதல் சொல்லிலேயே நோயின் பெயர் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் போனைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அப்புறம் இரண்டு பேருமாக யோசித்து, ‘ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறோம்’ என்று மாற்றினோம். அதன் கீழே, எந்தக் கிழமை யார் வர முடியும் என்று துணைக்குப் போகும் பெண்களின் பெயர்களையும் தொலைபேசி இலக்கங்களையும் போட்டோம்.

இங்கேதான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பிழை விட்டோம். பெண்களின் இலக்கத்தை வெளியில் போடுவது எங்களிடம் வழக்கமில்லை. கலியாணக் கார்டிலும் வீட்டு வாடகை விளம்பரத்திலும் கணவரின், அண்ணனின், தகப்பனின் இலக்கம்தான் போகும். ருக்கியா தாத்தா பௌஸி நானாவின் இலக்கத்தைக் கொடுத்தார். நஸீறா கணவருடையதைக் கொடுத்தார். நான் அப்பாவுடையதைக் கொடுத்தேன். மற்றவர்களும் அப்படியே. வரிசையாகப் பெண்களின் பெயர்கள், பக்கத்தில் வரிசையாக ஆண்களின் போன்கள். அதைப் பார்த்து எங்களில் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. வெப்சைட் அழகாக வந்திருக்கிறது என்று தேநீர் வாங்கிக் குடித்தோம்.

வெப்சைட்டைப் பலர் பார்த்தார்கள். சேர்வரில் அது தெரிந்தது. ஆனால் துணைக்கு வாருங்கள் என்று கேட்டவர்கள் மிகவும் குறைவு. பௌஸி நானா மட்டும் முறைப்பட்டுக்கொண்டே இருந்தார். தெரியாத இலக்கங்களில் இருந்து அழைப்பு வருகிறதாம், இவர் ஹலோ என்றதும் கட் பண்ணுகிறார்களாம். தன் குரலில் ஏதும் பிழையா என்று என்னிடமே கேட்டார். போன் லைன் பிரச்சினையாக இருக்கும் என்று நானும் தாத்தாவும் முடிவு செய்தோம்.

காரணத்தைக் கண்டுபிடித்தது நஸீறாதான், அதுவும் தற்செயலாக. ஒரு வியாழக்கிழமை வேறொருவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கிளினிக் வாசலில் ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்திருக்கிறார். பெயர் ஷபீகா, மூதூர். மார்பில் கட்டி. ஒப்பரேஷனுக்கு முன் செய்யவேண்டிய பரிசோதனைகளுக்கு அதற்கு முந்திய திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு விளங்கியதோ, வியாழக்கிழமை வந்தால் போதும் என்று. நாள் தவறிவிட்டது. நஸீறா தாதியிடம் சிங்களத்தில் கதைத்து, வருகிற திங்கட்கிழமை அல்ல, அதற்கு அடுத்த திங்கட்கிழமையை வாங்கிக் கொடுத்தார். இதற்கு மேலும் தள்ளிப்போடவேண்டாம், கட்டி வளர்கிறது என்று தாதி சொன்னாராம்.

அப்போதுதான் நஸீறா எங்கள் வெப்சைட்டைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறார். ஷபீகாவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“அடிச்சனான் ராத்தா,” என்றாராம், அக்காவைக் கிழக்கில் ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். “கடை ஒண்டுலருந்து ரெண்டு தரம் அடிச்சனான். ஆம்புளக் கொரல் வந்திச்சு. இந்த வருத்தத்த நான் ஆம்புளக்கிட்ட எப்பிடிச் சொல்லுற? வெச்சிட்டன்.”

நஸீறா கடைக்கு வந்து இதைச் சொன்னபோது பௌஸி நானா கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் போன் கவர்களை அடுக்கினார். பிறகு வெளியே போய் நின்றார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஷபீகா ஊருக்குப் போய்விட்டார். தனியாகத் திரும்ப வரத் தனக்குத் தைரியம் இல்லை, யாராவது பெண் ஒருவர் கூட நிற்பது நிச்சயம் என்றால் மட்டும் வருவேன் என்று சொல்லிப் போயிருந்தார். நஸீறா அவருடைய இலக்கத்தைக் கேட்க, கொடுக்கவில்லை. வீட்டில் இருப்பது மகனின் போன். மகனுக்கு விஷயம் தெரியாது. தங்கையின் கலியாணப் பேச்சில் முன்னுக்கு நிற்பவன் அவன். பகலில் மகள் கொஞ்ச நேரம் போனை வாங்கிப் பாடம் பார்ப்பாள், அப்போது வெப்சைட்டைப் பார்க்கலாம். அழைப்பு வரக்கூடாது, குறுஞ்செய்தி வரக்கூடாது. நஸீறாவின் இலக்கத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. போனில் பதிவாகிவிடும் என்ற பயம்.

ஆக, அந்தத் திங்கட்கிழமை வருவதற்குள் அவர் எங்களோடு கதைக்க ஒரு வழி வேண்டும். அது எங்கள் வெப்சைட்டாக மட்டும்தான் இருக்க முடியும்.

பெண்களின் சொந்த இலக்கங்களைப் போடலாம் என்று நான் சொன்னேன். தாத்தா அதை ஏற்றிருப்பார். ஆனால் அவர், “நம்பரே இல்லாம செய்யேலுமா?” என்று கேட்டார். “அவங்கட நம்பரும் இல்ல. எங்கட நம்பரும் இல்ல.”

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓடியதுதான் எங்கள் அடுத்த வாரம். படித்ததும் அழிந்துவிடும் குறிப்புகளை எழுதுவதற்காக யாரோ ஒருவர் செய்து எல்லாருக்கும் இலவசமாக விட்டிருந்த ஒரு சிறு நிரலைத் தாத்தா தேடிப் பிடித்தார். அதை எங்களுக்கேற்ற மாதிரி மாற்றினோம். மாற்றும் வேலையில் நான் பல்கலைக்கழகத்தில் படித்தது உதவியது. அந்தப் பாடத்தை ஏன் எடுத்தேன் என்று அதுவரை எனக்கு விளங்கவில்லை.

வருகிறவர் தனக்குப் பிடித்த ஒரு பெயரை எழுதலாம், உண்மைப் பெயராக இருக்கத் தேவையில்லை. எந்த நாள், துணைக்குப் பெண்ணா ஆணா, எங்கே சந்திப்பது. பிறகு தான் நினைவில் வைத்திருக்கக்கூடிய ஒரு சொல். அந்தச் சொல்லை அடுத்த தரம் எழுதினால் எங்கள் பதில் தெரியும். அந்த நாள் கடந்ததும் எல்லாம் தானாக அழிந்துவிடும். சேர்வர் வருகிறவர்களின் விபரங்களை ஒரு பக்கத்தில் தானாகப் பதிந்துகொண்டே போவதைத் தாத்தா கண்டு, அதையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நமக்கே தெரியாதே என்றேன். தெரியத் தேவையில்லை என்றார்.

பௌஸி நானாதான் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டார்.

“பேரும் இல்ல, நம்பரும் இல்ல. எவனாவது பொம்புள மாதிரி எழுதி உங்கள வரச் சொன்னா? நஸீறாவ எந்த நம்பிக்கைல அனுப்புற நீங்க?”

எனக்குக் கோபம் வந்தது. தாத்தாவுக்கு வரவில்லை. நானா சொல்வது சரி என்றார். அன்று பின்னேரம் நஸீறாவையும் கூப்பிட்டு மூவரும் இருந்து யோசித்தோம். கிளினிக் கட்டடத்தில் பெண்கள் மட்டும் இருக்கும் காத்திருப்பு இடம் ஒன்று உண்டு, வாசலில் காவலாளி நிற்பார். பெண்களைச் சந்திப்பது அங்கே மட்டும்தான் என்று வைத்துக்கொண்டோம். வேறு இடம் எழுத முடியாதபடி அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டோம். நானா தன் கேள்விக்கு வேலை நடந்ததைப் பார்த்துவிட்டு, எங்கள் எல்லாருக்கும் இஞ்சிப் பிளேன்டீ வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு புதிய பக்கத்தைத் திறந்தோம். முதல் செய்தி உடனேயே வந்தது. பெயர்: பசி. தேவை: சிக்கன் பிரியாணி, ரெண்டு பார்சல். நானாவின் கிரிக்கெட் கூட்டாளிகளில் ஒருவன். தாத்தா அவனுக்கு, ‘ஆஸ்பத்திரியில் சந்திப்போம்’ என்று பதில் போட்டார்.

சனிக்கிழமை ஒன்றும் இல்லை. ஞாயிறு காலையும் ஒன்றும் இல்லை. நாளைக்குத் திங்கள். மூதூரில் இருந்து வருவதென்றால் இன்றைக்குப் பஸ்ஸேற வேண்டும். தாத்தா வழக்கம்போல எல்லாருடைய வேலையையும் செய்தார், ஆனால் தாள் மாற்றும்போதெல்லாம் திரையைப் பார்த்தார். நான் சேர்வருக்குள் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஷபீகா மனம் மாறியிருப்பார் என்று நினைத்தேன். ஒரு வேலையைச் சரியாகச் செய்தும் அது போய்ச் சேரவேண்டிய ஒருவரிடம் சேராவிட்டால் அந்த வேலைக்கு என்ன பெயர் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணியளவில் பௌஸி நானா தன் போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“தங்கச்சி, இது எனத்தயன்? செவப்பாக் காட்டுது.”

அவர் போனில் எங்கள் வெப்சைட்டுக்குப் பதிலாக ஒரு எச்சரிக்கை நின்றது. இந்த இடம் பாதுகாப்பானதல்ல, உங்கள் தகவல் திருடப்படலாம், திரும்பிப் போங்கள். என் போனில் அப்படி இல்லை. தாத்தாவின் கணினியிலும் இல்லை. நான் நானாவின் போன்தான் பழுது என்று சொல்ல வாயெடுத்தேன். தாத்தா போனை வாங்கி முகவரியைப் பார்த்தார்.

நானா முன்னால் www போட்டிருந்தார். நானும் தாத்தாவும் ஒருநாளும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. பூட்டுச் சின்னத்துக்கான சான்றிதழை www இல்லாத பெயருக்கு மட்டும்தான் எடுத்திருந்தோம். www போட்டு வருகிறவர்களுக்கு வாசலில் அந்தச் சிவப்புப் பலகை நின்றிருக்கிறது.

“எல்லாத்துக்கும் அது போடணும்தானே?” என்றார் நானா. “எங்களுக்கு அப்பிடித்தானே படிச்சுத் தந்த.”

முன்னர் நாங்கள் சேர்வரில் பார்த்த வருகைகளில் பாதிக்கு மேல் அந்த மூன்று எழுத்தோடு வந்தவை. அப்போது பூட்டை நாங்கள் கட்டாயமாக்கவில்லை, பூட்டு இல்லாமலும் பக்கம் திறந்தது, அதனால் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதான் கட்டாயமாக்கினோம். வெள்ளியில் இருந்து எத்தனை பேர் வந்து அந்தப் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பதிவுகளை நிறுத்திவிட்டோமே. ஷபீகா எப்படி எழுதுவார் என்றும் தெரியாது.

தாத்தா கறுப்புத் திரையைத் திறந்தார். இந்தமுறை நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை, பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். இரண்டு பெயருக்கும் சேர்த்துப் புதிய சான்றிதழ் கேட்டார். கட்டளையை அனுப்புவதற்கு முன் ஒருமுறை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். கடையில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு ஒரு தகப்பன் காத்துக்கொண்டிருந்தார். அவரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். திரையில் வரிகள் ஓடி நின்றன. நானா தன் போனில் மறுபடி அடித்தார். பக்கம் திறந்தது.

“பிஸ்மில்லாஹ்,” என்று சொல்லிவிட்டு தாத்தா பிறப்புச் சான்றிதழை வாங்கிக் கொப்பி எடுத்தார்.

அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன், ஒரு செய்தி வந்தது.

பெயர் என்ற இடத்தில், ‘நஸீறா ராத்தாவைத் தெரிந்தவர்’ என்று இருந்தது. திங்கட்கிழமை. பெண். கீழே, வேறு ஏதும் சொல்ல விரும்பினால் எழுதுங்கள் என்ற இடத்தில், ‘சிவப்பாக் காட்டினது. பயந்து மூடிட்டன். மகள் இன்னொருக்காப் பாப்பம் எண்டா. பஸ்ஸுக்குப் போறன்’ என்று எழுதியிருந்தது.

தாத்தா அதை எழுத்துக்கூட்டி வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னிடம் வாசித்துச் சொல்லக் கேட்கவில்லை, தானே வாசித்து முடித்தார். பிறகு நஸீறாவுக்குப் போன் பண்ணிவிட்டு, ‘நஸீறா நிற்பார்’ என்று பதில் போட்டார்.

மறுநாள் நஸீறா முன்பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். ஸ்கேன், இரத்தம், நெஞ்சுப் படம் என்று ஒவ்வொரு அறையாக அலைந்து பரிசோதனைகள் எல்லாம் முடிந்தன. முடிந்ததும் நஸீறா நேரே கடைக்கு வந்தார். கால்களை நீட்டிப் பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்து, முழுக் கதையையும் சொன்னார். டொக்டர் பொறுமையானவராம். ஒப்பரேஷன் எப்படி, பிறகு என்ன மருந்து என்று விளங்கப்படுத்திவிட்டு, உங்களுக்குக் கேட்க ஏதும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஷபீகா முதலில் இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். பிறகு நஸீறாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். நஸீறா அதைச் சிங்களத்தில் சொல்ல, டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பதில் சொன்னாராம். வெளியே வந்தபோது ஷபீகா சிரித்துக்கொண்டு வந்தாராம்.

“என்ன கேட்டவ?” என்றேன் நான்.

நஸீறா ருக்கியா தாத்தாவைப் பார்த்தார்.

“அது அவங்கட கேள்வி, மகள்,” என்றார் தாத்தா. “நாங்க துணைக்குத்தானே போற.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் அவர் என்னைக் கண்டிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் ஆசை இல்லை. இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று கேட்டபோதும் அப்படித்தான். இதுவரை எத்தனை பேருக்கு உதவி செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சேர்வரிலும் இல்லை. வருகிறவர்களின் பெயர்களையும் ஊர்களையும் மாற்றி எழுது என்று மட்டும் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

பிறகும் நான் நேர்முகப் பரீட்சைகளுக்குப் போனேன், இப்போதும் போகிறேன். உங்கள் அனுபவம் என்ன என்று கேட்பார்கள். சேர்வர் ஒன்றை அமைத்தேன் என்று சொல்கிறேன். எத்தனை பயனர்கள் என்று கேட்டால், தெரியாது என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு முன்னைப்போல என்னைப் பாதிப்பதில்லை. பயனர்களை எண்ணாமல் ஒரு வேலையை நல்லது என்று அறிய முடியுமா என்ற கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. 

ஷபீகா வந்துபோன மறுநாள், செவ்வாய்க்கிழமை, கடை திறந்ததும் தாத்தா முதல் வேலையாக, அழியவேண்டியது அழிந்துவிட்டதா என்று பார்த்தார். தன் கணினியில் பார்த்தார், என் போனில் பார்க்கச் சொன்னார், நானாவை www போட்டும் போடாமலும் பார்க்கச் சொன்னார். நஸீறா ராத்தாவைத் தெரிந்தவர் எங்கேயும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு புதிய செய்தி வந்தது. பெயர் வேறு, நினைவுச் சொல் வேறு, ஊர் எழுதவில்லை. புதன்கிழமை வார்டில் சேர வேண்டும், பெண் துணை தேவை என்று இருந்தது. கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு வரி.

‘அதே ராத்தா வந்தா நல்லம்.’